வெறுங்கயிறு

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோணேசன் மீன்காட்சித் தொட்டியின் மேல்தளத்துக்கு ஏறிவந்து கைவிளக்கைத் தண்ணீருக்குள் அடித்தபோது, மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

அந்த நேரத்தில் அவை நித்திரையில் இருக்கவேண்டியவை. சின்ன மீன்கள் பவளப் பொந்துகளுக்குள் ஒருக்களித்துக் கிடக்கும். கிளிமீன்கள் வாயிலிருந்து சளிபோன்ற ஒன்றைக் கக்கி, அதைப் பை மாதிரி உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதற்குள் உறங்கும். அன்றைக்கு அவ்வளவும் வெளியே வந்து, இருட்டில், செட்டையை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டு நின்றன. அதுவும் நீரோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஓடுகிற தண்ணீருக்கு முகம் கொடுத்து நிற்பதுதான் மீனின் பிறவிக்குணம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த கோணேசனுக்கு அதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அவை பார்த்துக்கொண்டிருந்தது இரும்பு ஏணி இருந்த மூலையை. அந்த மூலையில் என்ன தொங்குகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். தொங்கவிட்டவரே அவர்தான்.

"இதென்ன கோதாரி," என்று முணுமுணுத்துவிட்டு விளக்கை அணைத்தார். மூன்று நாளாகச் சரியான நித்திரை இல்லை. கண்ணுக்குள் மண் கிடந்ததுபோல உறுத்தியது.

பிரெடெரிசியாத் துறைமுகத்தில் முன்பு உரமூட்டை அடுக்கிய பெரிய கொட்டில் ஒன்றைத்தான் கரிபியக் கடலாக்கி வைத்திருந்தார்கள். இருபது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் ஆழம், கீழ்மாடியில் சனம் பார்ப்பதற்குக் கண்ணாடிச் சுவர். தண்ணீர் டென்மார்க்கின் குழாய்த்தண்ணீர். உப்பு மூட்டையில் வரும். வெயில்கூடக் கணினி போடுகிற வெயில்தான்; காலை எட்டு மணிக்கு முதலில் நீலம், பிறகு வெள்ளை என்று அரை மணித்தியாலத்தில் மெல்ல விடியும். வெளியே வைகாசி மாதத்துச் சூரியன் ஐந்து மணிக்கே எழும்பித் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் பளபளத்தாலும், உள்ளே எட்டு மணி வரைக்கும் இரவுதான். அந்த இரவுக்குள் மூளைப்பவளம், கடல்விசிறி, அஞ்சாலை, சிங்கி இறால், சோம்பேறி நர்ஸ்சுறா ஒன்று என்று ஐந்நூறுக்கு மேற்பட்ட சீவன்கள். குளிர்காலத்தில் டெனிஷ் சனம் நனைந்த ஜாக்கெட்டோடு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று பெருமூச்சு விடும். நல்லாய்த்தான் செய்திருந்தார்கள், குறை சொல்லக்கூடாது.

பொறுப்பாளர் பிளெமிங் ஒருமுறை விடுமுறைக்குக் கரிபியத் தீவு ஒன்றுக்குப் போனவர். அங்கே சுழியோட வருகிறவர்களுக்காகக் கடற்கரையில் எழுதி வைத்திருந்த பலகையைப் பார்த்துவிட்டு வந்து, அதேமாதிரி ஒன்றை வாசலில் மாட்டினார். 'இன்றைய கடல்: அலை இல்லை. நீரோட்டம் மெல்லியது. தண்ணீரின் சூடு 26 பாகை. பார்வைத் தூரம் 20 மீட்டர்.' காலையில் இதைச் சோக்கட்டியால் எழுதுவது கோணேசனின் வேலை. ஐந்து வருடமாக இந்த நாலு வரியும் மாறியதில்லை. அன்று அவர் கீழே போய்க் கண்ணாடி வழியாக விளக்கை அடித்துப் பார்த்தபோது, பார்வைத் தூரம் அளக்க மற்ற முனைச் சுவரில் பதித்திருந்த வெள்ளைத் தட்டைக் காணவில்லை. தண்ணீர் கலங்கியிருந்தது. பார்வைத் தூரத்துக்குக் குத்துமதிப்பாக '14' என்று எழுதினார்.

பலகை எழுதுவது, உப்பு கரைப்பது எல்லாம் எடுபிடி வேலை. அவருடைய உண்மையான வேலை, தொட்டிக்குள் இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பது. பெரும்பாலும் இறங்குகிறவள் ஷர்மினி. பிரெடெரிசியாவில் எல்லோருக்கும் தெரிந்த ஆனந்தராஜாவின் மகள், இங்கேயே பிறந்தவள், ஓடென்ச பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். வயது இருபத்தொன்று. சந்தோசமென்றால் தமிழ் கதைப்பாள், கோபமென்றால் டெனிஷ்.

கயிறு பிடிக்கிற வேலை கோணேசனுக்குப் புதிதல்ல. திருகோணமலையில் அதைத்தான் செய்தார். அங்கே சங்கு குளிக்கப் போகிறவனின் கயிற்றைக் கண்டவன் நின்றவன் எல்லாம் பிடிக்க முடியாது. மச்சான்தான் பிடிக்கவேண்டும், பெண்சாதியின் கூடப்பிறந்தவன். காரணம் லேசானது. கயிற்றை விட்டானென்றால் தன் சகோதரியின் தாலியைத்தான் அறுக்கிறான். தங்கச்சி றஜனி, வேதக்காரப் பொடியன் நீக்கிலாசோடு ஓடிப்போனபோது ஆறு மாதம் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்காத கோணேசன், ஏழாம் மாதம் அவனுடைய வள்ளத்தில் கயிற்றோடு நின்றார். வேறு வழி? அவனுக்கு வேறு மச்சான் இல்லையே.

கயிற்றின் பாசை எல்லாக் கடலிலும் ஒன்றுதான். மேலே நிற்பவன் ஒருதரம் சுண்டினால் 'சுகமோ' என்று கேட்கிறான். கீழே இருப்பவன் ஒருதரம் சுண்டினால் 'ஓம்'. நாலுதரம் சுண்டினால் 'இழு, உயிர் போகுது'. இதைப் பிளெமிங்கும் இப்படியேதான் சொல்லித் தந்தார். பிளெமிங் சொல்லித்தராத ஒன்றும் இருக்கிறது. ஆள் இல்லாத கயிறு தண்ணீருக்குள் கிடக்கக்கூடாது. வெறுங்கயிறு என்பார்கள். தப்பித்தவறிக் கிடந்து, அது சுண்டினால் பதில் சொல்லக்கூடாது. பதில் சொன்னால் அது உன் ஆள், பிறகு நீதான் பொறுப்பு.

கோணேசன் கயிற்றை ஒருமுறை விட்டிருக்கிறார். எண்பத்தாறாம் ஆண்டு, நீக்கிலாஸ் கீழே இருந்தபோது, கடற்படைப் படகு ஒன்று துப்பாக்கி வெடிவைத்துக்கொண்டு வந்தது. ஓட்டி இயந்திரத்தை முடுக்கினான். கோணேசனின் கை விரிந்தது. அவ்வளவுதான், யோசிக்கக்கூட இல்லை. அன்று பொழுதுபட்ட பிறகு நீக்கிலாஸ் நீந்தி வந்து சேர்ந்தான். றஜனி போட்ட சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, தலை குனிந்திருந்த கோணேசனின் முதுகில் ஒன்று போட்டான்.

"அடுத்தமுறை விடுறதெண்டாச் சொல்லிப்போட்டு விடு மச்சான்," என்று சிரித்தான்.

அடுத்த வருடம் கோணேசன் டென்மார்க்குக்கு வந்துவிட்டார். நீக்கிலாஸ் குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் முல்லைத்தீவுக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது, 2009ஆம் ஆண்டு வைகாசியில், போர் அந்தக் கரையின் ஒரு துண்டு மணலுக்குள் வந்து முடிந்துகொண்டிருந்தது. அந்தத் துண்டுக்குள்தான் அவர்கள் இருந்தார்கள்.

மீன்கள் அப்படித் திரும்பி நின்றதற்கு முதல்நாள், வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத நீண்ட இலக்கம். இரைச்சல். அங்கே இருட்டிவிட்டிருக்கும்.

"மச்சான், கேக்குதே?"

"சொல்லடா, கேக்குது, சொல்லு!"

"இரவைக்குக் களப்புக்குள்ளால இறங்கப்போறம். கழுத்தளவு தண்ணியெண்டு சொல்லுகினம். இருட்டுக்குள்ளை தவறிப்போகாமல் மூண்டு பேரும் ஒரு கயித்திலை. முன்னுக்கு நான், பின்னுக்கு றஜனி. நடுவிலை பிள்ளைக்கு ஒரு வளையம் போட்டிருக்கிறன். தடவினாத் தெரியட்டுமெண்டு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கழுத்திலை கட்டுற நீல ரையை அதிலை முடிஞ்சு விட்டிருக்கு."

பிள்ளை என்றால் நிருபா. பதின்மூன்று வயது. கோணேசன் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறார்.

"கவனமடா. கவனம்."

"நீ அங்கையிருந்து பிடிச்சுக்கொள்ளு." இரைச்சலுக்குள் அந்தப் பழைய சிரிப்புக் கேட்டது. "விடுறதெண்டாச் சொல்லிப்போட்டு விடு."

இணைப்பு அறுந்தது. பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை. கோணேசன் அங்குமிங்கும் நடந்தார். ஏதாவது செய்யவேண்டும், ஆனால் செய்ய ஒன்றும் இல்லை. கொப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் மழைக்குள் நின்று கத்தியாயிற்று, கையெழுத்துப் போட்டாயிற்று, கோயிலுக்கு நேர்ந்தாயிற்று. அன்று எல்லோரும் போனபிறகு, களஞ்சிய அறையிலிருந்து புது வெள்ளைக் கயிறு ஒன்றை எடுத்தார். ஒரு நுனியை ஏணிக் கம்பியில் கட்டி, மற்ற நுனியைத் தண்ணீருக்குள் விட்டார். நாற்பத்தெட்டு வயது மனிசன் செய்கிற வேலையா இது? ஆனால் நீக்கிலாஸ் பிடிக்கச் சொன்னான். பிடிப்பதற்கு ஒரு கயிறு வேண்டுமே.

சனிக்கிழமை பலகையில் '9' என்று எழுதினார்.

மேல்தளத்துக்கு ஏறும்போதே மணத்தது. வழமையான மணம் உப்பும், கொஞ்சம் பாசியும், மீன் தீனிக்காக உருகவிட்ட இறாலும்தான். இன்று அதற்கடியில் இன்னொன்று இருந்தது. சேறு. வெயிலில் காய்ந்து பிறகு நனைந்த களப்புச் சேறு, அதோடு எரிந்த ஓலை, அதோடு இனிப்பாக ஏதோ ஒன்று. மூக்கைப் பொத்தினாலும் தொண்டைக்குள் நின்றது. கீழே இரண்டு கிளிமீன்கள் தங்கள் சளிப்பைக்குள்ளேயே செத்திருந்தன. ஷர்மினி வலையால் அவற்றை அள்ளி, பையோடு தளத்தில் வைத்தாள்.

"வடிகட்டி பழுது மாமா. வேற ஒண்டுமில்லை," என்றாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். "அங்கையிருந்து ஏதும் செய்தி வந்ததே?"

"இல்லைப் பிள்ளை."

"நீங்கள் வீட்டை போய்ப் படுங்கோவன். நான் பிளெமிங்குக்குச் சொல்லுறன்."

"படுத்து?" என்று கேட்டார் கோணேசன். அவள் அவருடைய தோளில் மெல்லத் தட்டிவிட்டுக் கீழே போனாள்.

அவள் போனபிறகு அவர் ஏணி மூலைக்குப் போய், கம்பியில் கட்டியிருந்த வெள்ளைக் கயிற்றின்மேல் கையை வைத்தார். இதை எடுத்துவிட வேண்டும், இது சரியில்லை என்று நினைத்தார். நீரேற்றி எங்கோ உறுமிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து ஒரு துளி விழுந்தது. கயிறு விரலுக்கடியில் குளிர்ந்து, ஈரமாக, அசையாமல் இருந்தது.

பிறகு ஒருதரம் சுண்டியது.

மீன் முட்டியிருக்கும். அவருக்கே தெரிந்தது, இல்லை என்று. கயிறு பிடித்துப் பழகிய கைக்கு மீன் முட்டுவதும் மனிசன் சுண்டுவதும் வேறுவேறு. மனிசன் சுண்டினால் முதலில் கொஞ்சம் இறுகும், பிறகு விடும். இது இறுகியது. பிறகு விட்டது. வெறுங்கயிறு. பதில் சொல்லக்கூடாது. நல்லாய்த் தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் அவருக்கு வந்தது பயமில்லை, சந்தோசம். உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோசம். கண் கலங்க, அவரும் ஒருதரம் சுண்டினார்.

ஞாயிற்றுக்கிழமை '4' என்று எழுதினார். பிளெமிங் வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்.

"அடியிலை ஏதோ பெரிசாச் செத்துக்கிடக்குது," என்று பிளெமிங் டெனிஷில் கத்தினார். "சுறாவோ என்னவோ. நாளைக்குப் பூட்டுற நாள். ஷர்மினி இறங்கித் தேடி எடுக்கட்டும்."

வீட்டில் தொலைக்காட்சி ஓடியபடி இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று டெனிஷ் செய்தியில் அரை நிமிடம் சொன்னார்கள். அடுத்தது காலநிலை. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த மனைவி தவமலர், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நடு அறையில் நின்று பார்த்தாள்.

"சாப்பிட்டியளே?" என்று கேட்டாள். வேறென்ன கேட்பது என்று தெரியாமல்தான் கேட்டாள்.

"ஓம்," என்று பொய் சொன்னார். அழுகை வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. உடம்பு முழுக்க ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோலக் களைத்திருந்தது. மடியில் தொலைபேசியை வைத்துக்கொண்டே இருந்தார். அடித்ததெல்லாம் எஸ்பியர்க்கிலும் ஓல்போர்க்கிலும் இருந்த ஊர்ச்சனம், 'உங்கடை ஆக்கள்?' என்று கேட்டு, பதில் கேட்காமலே அழுதது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் வந்தபோது ஷர்மினி சுழியோடும் உடுப்பைப் போட்டு முடித்திருந்தாள். மண்டபம் இருட்டு. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று கண்ணாடியில் அப்பிக்கிடந்தது. மேல்தளத்தில் விளக்கை அடித்தார். வெளிச்சம் ஒரு முழம்தான் போனது.

"இறங்காதை பிள்ளை," என்றார்.

"ஆறு மீட்டர் மாமா. இதென்ன கடலே?"

"ஒரு முழம்கூடத் தெரியேல்லை."

"உங்கடை கயிறு இருக்குத்தானே." செம்மஞ்சள் கயிற்றைத் தன் இடுப்புப்பட்டியில் கொளுவி, மற்ற நுனியை அவருடைய கையில் வைத்தாள். அவள் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து அந்த மண்டபத்தில் யாரோ சிரித்ததைக் கேட்டார். "நீங்கள் விடமாட்டியள்."

ஷர்மினி இறங்குவதற்கு முதல் வெள்ளைக் கயிற்றைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஏணிக்குப் போனார். கம்பியிலிருந்து முடிச்சை அவிழ்த்தார். இழுத்தார். வரவில்லை. எங்கோ பவளத்தில் சிக்கியிருக்கும் என்று நினைத்தார். திரும்ப இழுத்தார். சிக்கின கயிறு கல்மாதிரி நிற்கும். இது கொஞ்சம் வந்தது, திரும்ப மெல்லப் போனது.

பின்னால் தண்ணீர் சளக்கிட்டது. ஷர்மினி இறங்கிவிட்டாள்.

வலது கையில் செம்மஞ்சள். இடது கையில் வெள்ளை. இப்படி ஒரு நாளும் நின்றதில்லை. அவளுடைய மூச்சுக் குமிழிகள் எழும்பி உடைகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் அந்தச் சேற்றுமணம் மேலே வந்தது. செம்மஞ்சளை ஒருதரம் சுண்டினார். ஒருதரம் பதில் வந்தது. சுகம். குமிழிகள் நடுத்தொட்டிக்கு நகர்ந்தன. இன்னொருதரம் கேட்டார். பதில் வந்தது.

இடது கையிலும் வந்தது.

அவர் திரும்பக் கேட்டார், வலது கையால் மட்டும். இரண்டு கையிலும் பதில். ஒரே நேரத்தில். ஒரே மாதிரி. இறுகி, விட்டது.

"நீக்கிலாஸ்," என்றார் சத்தம் வராமல்.

வெள்ளைக் கயிறு சுண்டியது. ஒருதரம். பிறகு அதே கயிற்றில், அவனைவிட மெல்லிய கை ஒன்று. ஒருதரம். பிறகு இன்னொருவர். இன்னொருவர். கிழவர் ஒருவரின் நடுக்கம். சின்னப்பிள்ளை ஒன்றின் துடிப்பு. கயிறு நிற்கவில்லை. அந்தக் கைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய உள்ளங்கைக்குள் வந்து 'சுகமோ, சுகமோ' என்று கேட்டன. மூன்று பேர் என்றுதானே சொன்னான்.

குமிழிகள் நின்றுவிட்டன.

தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. ஒன்றுமில்லை.

பிறகு செம்மஞ்சள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் ஆளை இழுக்க முடியாது. வெள்ளையும் இறுகியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அதே நாலு. தங்கச்சி. அவருடைய தங்கச்சி. மற்றக் கையில் ஆனந்தராஜாவின் பிள்ளை. உயிரோடு உள்ள பிள்ளை. 

"மச்சான்," என்று வாய்விட்டே சொன்னார். "விடுறன் மச்சான். சொல்லிப்போட்டுத்தான் விடுறன்."

இடது கையை விரித்தார். வெள்ளைக் கயிறு தளத்தில் உரசிக்கொண்டு ஓடித் தண்ணீருக்குள் போனது. இரண்டு கையாலும் செம்மஞ்சளை இழுத்தார். இழுத்தார். பழுப்புத் தண்ணீரை உடைத்துக்கொண்டு ஷர்மினியின் தலை வெளியே வந்தது. ஏணிக் கம்பியைப் பிடித்தாள். வாய்க்குழாயைத் துப்பினாள். இருமினாள். உயிரோடு இருந்தாள். கோணேசன் கயிற்றை விடாமல் ஏணிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"ஏன் மாமா இழுத்தனீங்கள்?"

"நீ நாலுதரம் சுண்டினாய்."

"நை, இல்லை. நான் சுண்டேல்லை." முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள். "அடியிலை ஒண்டும் கிடைக்கேல்லை. சும்மா மண்தான். ஆனால் நீங்கள் ஏன் இன்னொரு கயிறு கட்டினனீங்கள்?"

"என்ன கயிறு?"

"இது."

மணி எட்டு. கூரையில் முதல் நீலவெளிச்சம் மெல்ல எரியத் தொடங்கியது. ஷர்மினியின் இடுப்பில், பட்டிக்குக் கீழே, ஒரு வெள்ளை வளையம் கிடந்தது. இறுக்கமாக, ஆனால் வலிக்காமல், பிள்ளைக்குக் கட்டுவதுபோலப் பக்குவமாகக் கட்டியிருந்தது. வளையத்தின் இரண்டு பக்கமிருந்தும் கயிறு தண்ணீருக்குள் போனது. முடிச்சில் நனைந்த துணித்துண்டு ஒன்று. பள்ளிக்கூட ரை. நீலம்.

கோணேசன் அந்த முடிச்சை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். 

"ஆரோ தடவித் தடவிக் கட்டினமாதிரி இருந்தது," என்றாள் ஷர்மினி. குரல் மெலிந்திருந்தது. "நீங்களும் இறங்கி வந்திட்டியளெண்டு நினைச்சன்."

வெளிச்சம் கூடியது. கூடக்கூடத் தண்ணீர் தெளிந்தது, யாரோ அழுக்குச் சீலையை உருவி எடுத்ததுபோல. ஒரு மீட்டர். நாலு மீட்டர். மீன்கள் எல்லாம் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து, ஒழுங்காக, கண்ணாடியோரம் ஒதுங்கி நின்றன. பத்து மீட்டர். இருபது மீட்டர். மற்ற முனையின் வெள்ளைத் தட்டு தெரிந்தது. அடிமணல் தெரிந்தது.

அவர்கள் தெரிந்தார்கள்.

நீக்கிலாஸ் முன்னுக்கு. றஜனி பின்னுக்கு. நடுவில் நிருபாவைக் காணவில்லை; அவள் இருக்கவேண்டிய இடத்திலிருந்துதான் கயிறு ஷர்மினியின் இடுப்புக்கு ஏறி வந்திருந்தது. றஜனியின் தலைமயிர் கடல்விசிறியோடு சேர்ந்து அசைந்தது. இருவரும் முகத்தை நிமிர்த்தி ஷர்மினியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல. றஜனிக்குப் பின்னால் ஒரு கிழவர். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி. அவளுக்குப் பின்னால், பவளங்களுக்கு நடுவே, இடுப்பு இடுப்பாக அதே கயிற்றில், வரிசை. அது வெள்ளைத் தட்டு வரைக்கும் போயிற்று. அங்கே சுவர் இருக்கவேண்டும். வரிசை அதற்கப்பாலும் போயிற்று.

கயிறு ஒருதரம் சுண்டியது.

"தொடாதை!" கோணேசன் கத்தினார். "பிள்ளை, பதில் சொல்லாதை! கையை எடு!"

ஷர்மினி அவரைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். அவள் அந்தக் கடலைக் கண்டதில்லை, வெறுங்கயிறு என்ற சொல்லைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை. அவளுடைய கை தன்பாட்டில் வளையத்துக்குப் போனது. கயிற்றைப் பிடித்தது.

ஒருதரம் சுண்டினாள்.

நீக்கிலாஸ் தலையை ஆட்டினான். திரும்பினான். நடக்கத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் வரிசை முழுவதும் நடந்தது. அடிமணல் புகைபோல எழும்பியது. ஏணிக் கம்பியிலிருந்து ஷர்மினியின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கோணேசன் செம்மஞ்சள் கயிற்றை இரண்டு கையிலும் சுற்றி இறுக்கிப் பிடித்தார். அது அவருடைய உள்ளங்கையின் தோலை உரித்துக்கொண்டு, முழம் முழமாகக் கீழே இறங்கியது.